பட்டை அக்காவின் கைராசி

பெற்றவர்கள் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது மாதத்துக்கு ஒருமுறை சம்பளப் பட்டியலில் தலைகாட்டிவிட்டு மறைந்துபோகும். மற்றபடி ஊருக்கு அவள் பட்டை அக்கா. சமையலுக்குப் போடுகிற பட்டை இல்லை. பிரஷர் பார்க்கும்போது மேல்கையில் சுற்றிக் காற்றேற்றுகிற துணிப்பட்டை. ஆறு வருஷமாக அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டு அவள் ஏறி இறங்காத படி அந்தப் பக்கத்தில் இல்லை. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீடு தேடி வந்து, உட்காரவைத்து, கையைப் பிடித்துப் பார்த்து, "பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நகரத்தில் இருந்த ஆராய்ச்சி நிலையம் ஒரு பெரிய கணக்கெடுப்பை நடத்திக்கொண்டிருந்தது. சர்க்கரை, பிரஷர், நெஞ்சுவலி என்று ஒருமுறை வந்தால் ஆளைவிட்டுப் போகாத நோய்கள் இருக்கின்றனவே, அவை நகரத்துக்காரர்களை அதிகம் பிடிக்கின்றனவா, கிராமத்துக்காரர்களையா என்று பார்க்கிற கணக்கெடுப்பு. நகரத்தில் ஆயிரம் பேர், நான்கு கிராமங்களில் ஆயிரம் பேர். வருஷத்துக்கு ஒருமுறை அதே ஆட்கள், அதே கேள்விகள், அதே எடைமெஷின். முதலில் நகரத்திலிருந்து ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். கிராமத்தில் கதவு திறக்கவில்லை. இரத்தத்தை எடுத்து விற்கிற கூட்டம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆராய்ச்சியை நடத்திய பெரிய டாக்டரம்மா விவரமானவர். நான்கு கிராமத்துக்கும் சேர்த்து ஊருக்குள்ளேயே ஒருத்தியைத் தேடினார். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்த இவள் கிடைத்தாள். பத்தாவது வரை படிப்பு, முத்து முத்தான கையெழுத்து, யார் வீட்டு வாசலிலும் நின்று பேசத் தெரிந்த வாய். கணவன் வெளியூர் வேலைக்குப் போனவன் போனவன்தான், பிள்ளை இல்லை. தம்பி வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் இருமினால் இவளுக்குக் கேட்கும்.

பதினைந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். பிரஷர் பார்ப்பது என்றால் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்துவது என்று நினைத்துப் போனவளுக்கு, அதில் இவ்வளவு சட்டதிட்டமா என்று மலைப்பாக இருந்தது. ஆள் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும். கால்மேல் கால் கூடாது. கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். மேசை தாழ்வாக இருந்தால் மடித்த துண்டை அடியில் கொடுக்க வேண்டும். பட்டை இரண்டு அளவு: சாதாரணக் கைக்கு ஒன்று, பருத்த கைக்குப் பெரியது ஒன்று. கையை நாடாவால் அளந்து பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் மூன்று தடவை பார்த்து, மூன்றையும் படிவத்தில் எழுத வேண்டும். மேல் எண் நூற்றெண்பதைத் தொட்டால் மஞ்சள் சீட்டு. சீட்டு வாங்கியவர் மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த மஞ்சள் சீட்டில்தான் வந்தது வினை.

நகரத்தில் சீட்டு கொடுத்தால் ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. கிராமத்திலிருந்து போக இரண்டு பஸ் மாற வேண்டும். போய் வரிசையில் நின்று, இருதயப் படம் எடுத்து, மாத்திரை வாங்கித் திரும்பினால் ஒரு நாள் போச்சு. அடுத்த வாரமும் வரச் சொல்வார்கள். அந்த நாளும் போச்சு. மரம் அறுக்கிற அறுவைமில்லில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் மோசம். மயங்கி வாளின்மேல் விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று, சீட்டு வாங்கியவனை மேஸ்திரி வாள் பக்கமே விடமாட்டார். டாக்டரிடம் கடிதம் கொண்டுவரும் வரை மரத்தூள் வாருகிற வேலை, பாதிக் கூலி. யாருக்குச் சீட்டு வந்தது என்பது மேஸ்திரிக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அந்த ஊரில் ஒருத்தன் தும்மினால் மில் வாசலில் ஆயுசு நூறு சொல்வார்கள்.

முதல் வருஷம், இரண்டாவது மாதம், தம்பியின் முறை வந்தது. மில்லில் பெரிய வாளில் நிற்கிறவன் அவன். மரத்தூள் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மெஷின் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு காட்டியது.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"பேசாத. இன்னொரு தடவை பாக்கறேன்."

மறுபடி நூற்றுத் தொண்ணூறு. மறுபடி நூற்றெண்பத்தெட்டு.

"மஞ்சச் சீட்டு எழுதணும்டா."

"எழுதிக்கோ. நாளையிலேர்ந்து நான் தூள் வாரப் போறேன். சின்னவளுக்கு ஸ்கூல் திறக்கற மாசம்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. முகம் கழுவிவிட்டு வரச் சொன்னாள். மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொன்னாள். நூற்றெண்பத்து நான்கு. இதற்குள் சாதாரணப் பட்டை ஒட்டுப் பிடிக்காமல் நழுவ ஆரம்பித்தது. கைக்கு அகப்பட்ட பெரிய பட்டையை எடுத்துச் சுற்றினாள். நூற்றெழுபத்து நான்கு. அவளுக்கே திகைப்பாக இருந்தது. மறுபடி பார்த்தாள், நூற்றெழுபத்தாறு. பட்டை பெரியதாக இருந்தால் எண் குறைந்து காட்டும் என்று பயிற்சியில் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கையாகச் சொன்னது அன்றைக்கு அவள் காதில் யோசனையாக விழுந்தது. கடைசி மூன்றில் ஒன்றும் நூற்றெண்பதைத் தொடாதபடி இன்னொரு தடவையும் பார்த்துக்கொண்டாள். அந்த மூன்று எண்களையும் மூன்று பெட்டிகளில் அழகாக எழுதினாள்.

பொய் எழுதவில்லை, மெஷின் காட்டியதைத்தானே எழுதினேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மனிதர்கள் தங்களிடமே சொல்லிக்கொள்கிற சமாதானங்களில் இது ரொம்ப உயர்ந்த ரகம். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அடுத்த விடுமுறை நாளில் தம்பியைத் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்றும் முடிவு செய்தாள். அடுத்த விடுமுறைக்கு அவனுக்கு ஓவர்டைம் வந்தது. அதற்கடுத்ததில் அவளுக்குக் காய்ச்சல். அதற்கப்புறம் அந்த நினைப்புக்கே காய்ச்சல் வந்து படுத்துவிட்டது.

தம்பிக்குச் செய்தாகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரனும் அதே மில், அதே வாள். அவன் நூற்றெண்பத்தாறு காட்டியபோது சீட்டை நீட்ட அவளுக்குக் கை வரவில்லை. தம்பிக்கு ஒரு நியாயம், ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயமா? அவனும் முகம் கழுவினான், மூச்சு விட்டான், பெரிய பட்டைக்குள் கையை விட்டான். இப்படித்தான் அது ஆளிலிருந்து ஆளுக்கு, தெருவிலிருந்து தெருவுக்குப் போனது. நூற்றுத் தொண்ணூற்றைத் தாண்டிப் போய் எதற்கும் மசியாதவர்களுக்கு மட்டும் சீட்டு எழுதினாள். மற்றவர்களுக்கு, "கொஞ்சம் கூடத்தான் இருக்கு, பயம் இல்ல. உப்பைக் குறைங்க" என்று ஒரு வாக்கியம். பட்டை அக்கா பார்த்தால் இறங்கும் என்று பேர் வந்தது. கைராசி என்றார்கள். பேருக்கு மயங்காத மனுஷி யார்?

மேற்பார்வையாளர் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தண்ணீர் கேட்பார், படிவங்களைப் புரட்டுவார், "உங்க கையெழுத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரிம்மா" என்பார், அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெட்டிக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கும் எண்ணைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

கூலி போகிறதே என்ற காரணமாவது மில்காரர்கள் விஷயத்தில் இருந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் விஷயத்தில் அதுவும் இல்லை. தெருக்கோடி வீட்டில் மனைவியோடு இருந்தார். வாரத்தில் ஏழு நாளும் அவருக்கு விடுமுறைதான். மூன்றாவது வருஷம் மெஷின் அவருக்கு இருநூற்று நான்கு காட்டியது. அவள் சீட்டுப் புத்தகத்தை எடுத்ததும் அவர் சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் காகிதம் கொடுத்து ரிட்டயர் ஆனவன் நான். எனக்கே காகிதமா? உன் கைராசியைக் காட்டும்மா."

அவளும் சிரித்தாள். ஏழு தடவை பார்த்தாள். பெரிய பட்டையில் ஒருவழியாக நூற்றெழுபத்தெட்டுக்கு வந்தது. அவர் மனைவியை அவள் அத்தை என்று கூப்பிடுவது வழக்கம். அத்தை தேநீர் கொண்டுவந்து வைத்து, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். "நூத்தி எழுவத்தெட்டு அத்தை. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மியா போடுங்க." நான்காவது வருஷமும் இதே கதை. ஐந்தாவது வருஷம் மெஷின் முதலில் காட்டியது இருநூற்றுப் பத்து, படிவத்தில் நூற்றெழுபத்தெட்டு. அவள் போய்விட்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு. மூன்றாம் நாள் போய்விட்டார். வயசு அறுபத்து நாலுதான். ஆனாலும் எல்லோரும் வயசு என்றார்கள். துக்கம் கேட்கப் போன இடத்தில் அத்தை இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பார்த்தப்பகூட நல்லாத்தானே இருந்தாரு" என்று அழுதாள். இவளும் அழுதாள். எதற்காக அழுகிறோம் என்பதைத் தனக்குள் கேட்டுக்கொள்ளாமல் அழுதாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

ஆறாவது வருஷம் முடிந்தபோது நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், சுவரில் படம் காட்டுகிற பெட்டி. கணக்கெடுத்த எல்லோரையும் முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார் டாக்டரம்மா. திரையில் இரண்டு தூண்கள் தெரிந்தன. ஒன்று உயரம், ஒன்று குட்டை. மஞ்சள் சீட்டு அளவுக்குப் பிரஷர் ஏறியவர்கள், நகரத்தில் நூற்றுக்குப் பதினொரு பேர். கிராமத்தில் இரண்டு பேர். கிராமத்துக் காற்று, நடை, வேலை, பதற்றமில்லாத வாழ்க்கை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மில்லில் எட்டு மணிநேரம் வாள் சத்தத்தில் நிற்கிறவனுக்குப் பதற்றமில்லாத வாழ்க்கை என்று யாரோ சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இதை வெச்சு ஒரு நல்ல காரியமும் நடக்கப்போகுது" என்றார் டாக்டரம்மா. "சுகாதாரத் துறை ஒரு மருந்து வண்டி தருது. மாசம் ரெண்டு தடவை டாக்டர், நர்ஸ், மாத்திரை எல்லாத்தோடயும் வீட்டு வாசலுக்கே வரும். ஒரே வண்டிதான். எங்க தேவை அதிகமோ அங்க கேளுங்கன்னு நம்மகிட்ட விட்டுட்டாங்க. எண்ணைப் பார்த்தா சந்தேகமே இல்ல, நகரத்துக்குத்தான். அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி எழுதிக் கொடுத்துடுவோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னது உறைத்தது. வாசலுக்கே வரும் வண்டி. இரண்டு பஸ் இல்லை, வரிசை இல்லை, போகிற நாள் இல்லை. டாக்டர் கடிதத்தைக்கூட வாசலிலேயே வாங்கிவிடலாம். எந்தக் கஷ்டத்துக்காக அவள் எழுதாமல் விட்டாளோ, அந்தக் கஷ்டத்தைத் தீர்க்க வந்த வண்டியை அவள் எழுதாமல் விட்டதே திருப்பி அனுப்புகிறது. தபால்காரரின் முகம் ஞாபகம் வந்தது. அவள் அவரைக் கொன்றாளா? இந்தக் கேள்வியை அவள் முதல்முறையாக, அந்த மூன்று சொற்களிலேயே கேட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தான். நாற்காலியில் உட்காரவைத்து, கையை நாடாவால் அளந்து, சாதாரணப் பட்டையைச் சுற்றி, பயிற்சியில் சொன்னபடி ஒன்று விடாமல் செய்தாள். இருநூற்றெட்டு. இருநூற்றாறு. இருநூற்றெட்டு.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள்.

"என்னக்கா நீ, புதுசா பாக்கற மாதிரி" என்று சிரித்தான் தம்பி. "இரு, மூஞ்சி கழுவிட்டு வரேன். பெரிய பட்டையை எடு. நாலாவது தடவை இறங்கும் பாரு."

"இறங்காதுடா. அது இறங்கினதே இல்ல."

"ஆறு வருஷமா இறங்குச்சே!"

"நான் இறக்கினேன்."

அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். உடம்பு சரியில்லையா என்று கேட்டான். அவள் எவ்வளவோ சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான், ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. "ஆறு வருஷம் ஒண்ணும் ஆகல. கல்லு மாதிரி நிக்கறேன். ஆபீஸ்ல யாரோ உன்னைத் திட்டியிருக்காங்க, அதான் பேசற" என்று முடித்துவிட்டான். சொல்லிக்கொடுத்த வாத்தியார் நீதானே என்பது போல மூச்சை இழுத்து மெதுவாக விட்டும் காட்டினான். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது சும்மா சொல்லவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் அறைக்குப் போய், உட்காரச் சொன்னதற்கு உட்காராமல், எல்லாவற்றையும் சொன்னாள். பெரிய பட்டை, நாலாவது தடவை, ஏழாவது தடவை, தம்பி, மில், தபால்காரர். டாக்டரம்மா பேனா மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேருக்கு?"

"கணக்கு வெச்சுக்கல டாக்டரம்மா. நூறுக்குக் குறையாது."

"ஆறு வருஷம்." டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "நீங்க எழுதினதை நம்பி நான் ஊர் ஊராப் போய்ப் பேசியிருக்கேன். கிராமத்துக்காரங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருக்கேன். நீங்க என்கிட்ட வந்து, ஆஸ்பத்திரி தூரம், கூலி போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதையே எழுதிக் கேட்டிருப்பேனே!"

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. படிவத்தில் அதற்குப் பெட்டி இருக்கவில்லை.

டாக்டரம்மா கத்தவில்லை, இரக்கமும் காட்டவில்லை. கிராமத்துக் கணக்கு மொத்தத்தையும் ஒதுக்கிவைப்பதாகச் சொன்னார். பதினெட்டாம் தேதிக்குள் முடிந்த அளவு பேருக்கு மறுபடி பார்க்க வேண்டும். நகரத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்புவார். "நீங்க கூடப் போய் வீடு காட்டுங்க. மெஷினைத் தொடக்கூடாது. அது முடிஞ்சதும் உங்க வேலையும் முடிஞ்சுது." அவள் தலையாட்டினாள். வேலை போனது அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

நகரத்துப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். சிரிக்காத முகம், சுத்தமான வேலை. ஐந்து நிமிஷம் என்றால் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம். வீடு வீடாகப் போனால் தேதிக்குள் முடியாது என்று ஊர்ப் பொதுக்கூடத்தில் மேசை போட்டார்கள். முதல் நாள் முப்பத்தெட்டு பேருக்குப் பார்த்து ஒன்பது மஞ்சள் சீட்டு எழுதினாள். சீட்டு வாங்கிய மில்காரர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பெரிய பட்டையைப் போட்டுப் பாரேன். எங்க அக்கா அப்படித்தான் போடுவாங்க" என்றார். இன்னொருவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "பொண்ணு புதுசு. கைராசி பத்தாது" என்றார். கூடத்தில் சிரிப்பு. கதவோரம் நின்ற பட்டை அக்காவைப் பார்த்து, "அக்கா, நீங்க வந்து ஒரு தடவை பாத்துடுங்க, சரியாப் போயிடும்" என்று நாலைந்து பேர் கூப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டாள் அந்தப் பெண். ஒன்பது பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. இரண்டு சீட்டுகள் கூடத்து வாசலிலேயே கிடந்தன.

"இப்படியே போனா வண்டி வந்தாலும் யாரும் ஏறமாட்டாங்க" என்றாள் அந்தப் பெண். குற்றம் சொல்கிற குரலில் இல்லை, நடப்பதைச் சொன்னாள். "நான் சொல்றதை யாரும் நம்பல. நீங்க சொன்னதைத்தான் நம்பறாங்க."

இதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. டாக்டரம்மாவிடம் அறைக்குள் சொன்னது ஒரு பெரிய காரியமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அது ஒரு வேலையை விட்டதோடு சரி. இதை ஊர் முன்னால் சொல்வது ஊரையே விடுகிற மாதிரி.

பத்து மணிக்கு மேல் கூடம் நிறைந்துவிட்டது. மில்லில் அன்று மின்சாரம் இல்லை. தம்பியும் அவனோடு வாளில் நிற்கிறவர்களும் வந்திருந்தார்கள். பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்த இடத்தில் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். யாரோ, "வந்துட்டாங்கப்பா நம்ம டாக்டர்!" என்றார்கள்.

"நான் உங்களுக்கு எழுதினது பொய்" என்றாள்.

சிரிப்பு சட்டென்று நிற்கவில்லை. ஒரு மூலையில் தொடர்ந்துகொண்டிருந்தது. அவள் குரலை உயர்த்தினாள்.

"கைராசி எல்லாம் ஒண்ணும் கிடையாது. கைக்குச் சேராத பட்டையைப் போட்டா மெஷின் கம்மியா காட்டும். முதல்ல வந்த நம்பரை விட்டுட்டு, இறங்கற வரைக்கும் பார்த்து, இறங்கினதை எழுதினேன். உங்களுக்குக் கூலி போகக்கூடாதுன்னு நினைச்சேன். பிரஷர் இறங்கவே இல்ல. உங்க உடம்புக்குள்ள அது அப்படியேதான் இருந்துச்சு. இந்தப் பொண்ணு எழுதறதுதான் நெசம். சீட்டு வாங்கினவங்க போங்க. தயவுசெஞ்சு போங்க."

"அக்கா, உனக்குப் பைத்தியமா?" என்றான் தம்பி. எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தான். "வா வீட்டுக்குப் போலாம். என்னென்னவோ உளறுது, யாரும் தப்பா எடுத்துக்காதீங்க."

"இவனுக்குத்தான் முதல்ல பண்ணேன்" என்றாள் அவள், அவன் பிடித்த கையை விடுவித்துக்கொண்டு. "போன வாரம் பார்த்தேன். இருநூத்தி எட்டு."

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். வேலையை விட்டு எடுத்துட்டாங்க, அதான் இப்படிப் பேசுது என்றார் ஒருவர். நம்ம நல்லதுக்குத்தானே பண்ணாங்க என்றார் இன்னொருவர். சீட்டு எழுதணும்னு மிரட்டி இப்படிச் சொல்ல வைக்கிறாங்களோ என்றும் ஒரு குரல் கேட்டது. அவர்கள் அவளைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை; விட்டுக்கொடுக்காமல் அவளுக்காகப் பேசினார்கள். நம்பிக்கை என்பது வந்துவிட்டால் விரட்டினாலும் போகாது போலிருக்கிறது. இனி எதைச் சொல்லி இவர்களை நம்பவைப்பது என்று தெரியாமல் அவள் நின்றாள்.

சுவரோரம் இருந்து அத்தை எழுந்தாள். தபால்காரரின் மனைவி. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் பேச்சு தானாக அடங்கியது.

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு இருந்துச்சு?"

அந்த எண் எந்தப் படிவத்திலும் இல்லை. ஞாபகம் இல்லை அத்தை என்று சொல்லியிருக்கலாம்; ஆயிரம் பேர் கையைப் பார்த்தவள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவளுக்கு ஒவ்வொருவரின் முதல் எண்ணும் ஞாபகம் இருந்தது.

"மூணாவது வருஷம் இருநூத்தி நாலு அத்தை."

"கடைசியா வந்தப்ப?"

"இருநூத்திப் பத்து."

"என்கிட்ட நூத்தி எழுவத்தெட்டுன்னு சொன்ன."

"ஆமா."

"நான் உனக்கு டீ போட்டுக் குடுத்தேன்."

"ஆமா அத்தை."

அத்தை அழவில்லை. திரும்பி, நகரத்துப் பெண்ணுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு கையை நீட்டினாள். மேசை தாழ்வாக இருந்தது. ஆறு வருஷப் பழக்கம், பட்டை அக்கா தன்னை மறந்து மடித்த துண்டை எடுத்து அந்தக் கைக்கு அடியில் வைக்கக் குனிந்தாள்.

"நீ தொடாத" என்றாள் அத்தை.

அவள் துண்டை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். நகரத்துப் பெண் கையை அளந்து, பட்டையைச் சுற்றி, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. மூன்று தடவை பார்த்து மூன்றையும் எழுதினாள். பிறகு மஞ்சள் சீட்டைக் கிழித்து நீட்டினாள். அத்தை அதை வாங்கி, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு முதல் பஸ் என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டாள்.

நாற்காலி காலியானதும் அடுத்த வீட்டுக்காரன் வந்து உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து நின்று வரிசை வாசல் வரைக்கும் போயிற்று. தம்பி ஐந்தாவதாக நின்றான். கதவோரம் நின்ற அக்காவைத் தாண்டித்தான் வரிசை நகர்ந்தது. அவளைத் தாண்டும்போது அவனும் மற்றவர்களைப் போலவே தரையைப் பார்த்துக்கொண்டு போனான்.